பதினோரு நிமிடம்

ஹல் துறைமுகத்தில் முப்பது வருஷம்
மரம் அளந்தவன் நான்.
அதனால்தான் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு
என்னை நடுவராக்கின:
ரீகாவிலிருந்து பைன் பலகை அனுப்பிய ஓஸோல்ஸ்,
ஈரம் அதிகம் என்று பணத்தை நிறுத்திய ராம்ஸ்டன்.

ஒப்பந்தத்தில் பதினெட்டு சதவீதம்.
ஈரமானியின் முள் இருபத்துநான்கு என்றது.
ஆறு சதவீதத் தண்ணீர் யாருடையது?
அவ்வளவுதான் வழக்கு.

கிடங்கைப் பார்க்கப் போன அன்று மழை.
ராம்ஸ்டன் கார்க் கதவைத் திறந்தார், ஏறிக்கொண்டேன்.
பதினோரு நிமிடம்.
பேசியதெல்லாம் அவர் நாயின் சிறுநீரகம்,
மருந்து விற்கிற விலை.
மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இல்லை, ஒன்று உண்டு:
சாலையோரம் விழுந்துகிடந்த மேப்பிளைப் பார்த்து
"பாவம்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் ஓஸோல்ஸ் நின்றிருக்கிறார்.
கண்ணாடியில் நீர் வழிந்ததால்
அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.
என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லீட்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஓல்ட்ராய்ட் அம்மையார்
முதலில் என் பக்கம் பேசுவதுபோல்தான் இருந்தது.
இரண்டு வாரம் தாமதித்தார் என்பதற்காகவோ
சிடுசிடுத்தார் என்பதற்காகவோ
சட்டத்தைத் தப்பாகப் படித்துவிடுவார் என்ற பயத்துக்காகவோ
நடுவரை நீக்க முடியாது.
இருவர் சேர்ந்து அமர்த்தியவரை
ஒருவர் மட்டும் உதறவும் முடியாது.
இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும்,
இதுவும் லேசில் திறக்காது.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"மிஸ்டர் தாக்ரே, நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள் என்று
நான் சொல்லவில்லை.
அந்த நிறுத்தத்தில் நனைந்தபடி நின்ற ஒருவர்,
அவசரப்படாத, நியாயமான ஒருவர்,
அந்தக் காரைப் பார்த்து என்ன நினைப்பார்?
அது மட்டுமே கேள்வி."

அதிகாரம் உடம்போடு ஒட்டியது இல்லை போல.
கழற்றும்போது வலிக்கவில்லை.
கட்டணத்தில் பாதியைத் திருப்பச் சொன்னார்,
அது வலித்தது.

பையில் இருக்கிறது பதினேழு பக்க வரைவு.
வடமேற்கு மூலையில் தார்ப்பாய் கிழிந்த இடம்,
மேலடுக்கு மட்டும் நனைந்த கணக்கு.
தண்ணீர், ஹல்லின் தண்ணீர்.
ஓஸோல்ஸுக்கு முழுப் பணமும், வட்டியோடு.
கையெழுத்துக்கு இரண்டு நாள் பாக்கி.
இனி அது தீர்ப்பு இல்லை, தாள்.
அவரிடம் சொல்லவும் கூடாது.
புதிதாக வருகிறவர் காதுக்கு
என் முடிவு போய்ச் சேரக் கூடாது.

வெளியே வந்தால் மறுபடி மழை.
படியில் ஓஸோல்ஸ் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்,
ஒரு கம்பி வளைந்திருந்தது.
என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டு
ஆங்கிலத்தில் எதையோ தேடினார்.
"ஸ்டேஷனுக்கா?" மட்டும் கிடைத்தது.
ஆமாம் என்றேன்.
குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

இப்போது சாயலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.
பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
குடைக்கு வெளியே அது நனைய நனைய
நடந்தேன்.