எட்டரை அடி

சுங்கத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.
திரும்ப ஒட்டிய நாடா கோணல்.
உள்ளே பச்சைப் பிளாஸ்ரிக் சட்டங்களில்
பிஞ்சுக் காய்கள்போல் தொங்குகிறது
ஒரு டாங்கி,
இருநூற்று எழுபத்தாறு துண்டாக.

ஸ்காபரோவிலிருந்து துவாரகன் அனுப்பியது.
"உன்ர கைக்கு இது சுகம், அக்கா."
பகலில் நான் பல் கட்டுகிறவள்.
இணுவிலின் பாதி வாய்கள்
என் தட்டில் வெள்ளை அச்சாய் அடுக்கியிருக்கின்றன.
இரவு ஒன்பதுக்குப் பிறகுதான்
மேசையில் இடம் வரும்.
மெழுகு செதுக்கும் கத்தி
சில்லின் ஓரப் பிசிறையும் சீவும்.

சங்கிலியில் பக்கத்துக்குத் தொண்ணூறு இணைப்பு.
ஒவ்வொன்றுக்கும் நாலு வெட்டு, இரண்டு உரசல்.
மூன்று இரவு அதற்கே போயிற்று.

நிறத்தாளில் ஐந்து நாட்டு ராணுவங்கள்.
பாலைவன மஞ்சள் இருக்கிறது, பனிக்கு வெள்ளை இருக்கிறது.
எங்கள் ஒழுங்கையில் நின்ற நிறம் இல்லை.
பச்சைக்குள் கொஞ்சம் கபிலம் விட்டேன்,
பிறகு ஒரு துளி கறுப்பு,
பிறகு இன்னும் அரைத்துளி.
மூன்றாம் கலவையில்
கை தானாக நின்றது.

"இதை இவ்வளவு வடிவாய்ச் செய்யவேணுமோ?"
கதவடியில் நின்று இவர் கேட்டார்.
தூரிகை ஈரமாக இருந்தது.
பூச்சுக் காயுமுன் பேசினால் கோடு விழும்.

தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்த அன்று
வீடு இருந்தது.
மதிலின் நடு இல்லை.
டாங்கி ஏறினது என்றான் துவாரகன், பத்து வயது.
லொறி என்றார் அப்பா,
அதற்குமேல் ஒன்றும் பேசாமல்
சீமெந்துக் கல் வாங்கி அடைத்தார்.
துவாரகனுக்கு இன்றைக்கும் அது டாங்கிதான்.
பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறான்,
பனி வழிக்கிறபோது
பக்கத்து வீட்டு இத்தாலியருக்கும்.

முப்பத்தைந்தில் ஒன்று
என்று பெட்டியில் போட்டிருந்தது.
ஞாயிறு காலை அளவு நாடாவோடு போனேன்.
பழைய சுண்ணாம்பு முடிகிற இடத்திலிருந்து
அது மறுபடி தொடங்குகிற இடம்வரை
எட்டரை அடி.
வகுத்தால் ஏழரை சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு.
இரண்டு தாடை அச்சை
அந்த இடைவெளியில் மேசையில் வைத்தேன்.
டாங்கியைத் தள்ளினேன்.

முட்டியது.
இடப்பக்கம் ஒதுக்கித் தள்ளினேன், வலப்பக்கம் முட்டியது.
ஒரு விரல் அகலம் கூட.

அப்ப லொறியாக இருக்கலாம்.
தண்ணிப் பவுசராக இருக்கலாம்.
கேட்பதற்கு அப்பா இல்லை.

துவாரகனுக்குப் படம் மட்டும் அனுப்பினேன்.
உடனே எழுதினான்:
"அதே நிறம், அக்கா. அதே நிறம்."
நான் மதிலைப் பற்றி எழுதத் தொடங்கி
அழித்துவிட்டேன்.

மதிலடியில் ஒரு பிடி செம்மண் அள்ளி
தேத்தண்ணி வடியால் அரித்து
பசை தடவிச் சங்கிலிக்குப் பூசினேன்.
அது மட்டும் தாளில் சொன்னபடி:
"புழுதி, உங்கள் விருப்பம்போல்."

கடைசியாக இடது முன்விளக்கு.
அரிசியில் பாதி.
சாவணத்திலிருந்து தெறித்து
எங்கேயோ போய்விட்டது.

மேசைக்குக் கீழே முழந்தாளிட்டு
ரோச் அடித்துத் தேடுகிறேன்.
சுவர் மூலையில் ஒன்று மினுங்கியது.
எடுத்துப் பார்த்தால்
போன மாதம் தொலைந்த
யாருடையதோ ஒரு முன்பல்.