இருபத்தாறு பிராங்கு

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் லுபோமிர், யார்மிலா,
பிராட்டிஸ்லாவாவிலிருந்து வந்த தம்பதி.
நடுவில் ஒரு தாள்.
அதை மடித்து மடித்து
எட்டு நாளாக்கி வைத்திருந்தார் மனிதர்.

இலான்ஸ் சின்ன நிலையம்.
கழிப்பறை எங்கே,
கூர் போகும் வண்டி எப்போது,
இவ்வளவுதான் இங்கே கேள்விகள்.
கோடை வந்தால் இன்னொன்று சேரும்:
பாஸ் வாங்கினால் கட்டுபடியாகுமா?

ஆகும் என்றும் சொல்லியிருக்கிறேன்,
ஆகாது என்றும்.
ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான்.

கொதிகலன் பரிசோதகராம்.
ஊர் ஊராக எழுதி, எதிரே கட்டணம் எழுதி,
ஏரிக் கப்பலைக்கூட விடாமல் கூட்டி
அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.
"இருபத்தாறு பிராங்கு இடிக்கிறது" என்றார்.
"தனித்தனியாக எடுத்தால்
பாஸைவிட அவ்வளவு குறைவாக வருகிறது.
இருபத்தாறு பிராங்குக்கு
இங்கிருந்து எங்கே போய் வரலாம்?"

பத்தொன்பது வருடமாக டிக்கெட் விற்கிறேன்.
ஊரைச் சொல்லி விலை கேட்பார்கள்.
விலையைச் சொல்லி ஊர் கேட்டவர் இவர்தான்.

திசென்டிஸ் என்றேன்.
போக வர இருபத்தெட்டு.
"அங்கே என்ன இருக்கிறது?" என்றாள் யார்மிலா.
மடம் இருக்கிறது. வெள்ளையாக, பெரிதாக.
"நமக்கு அங்கே என்ன வேலை?"
"லாபம்" என்றார் அவர்,
கேலியின் சாயல்கூட இல்லாமல்.

வரிசையில் பின்னால் கியோன்,
தோளில் செப்புக் குழாய், காலடியில் நாய்.
அவரிடம் வருடப் பாஸ் உண்டு,
நாய்க்கு மட்டும்தான் டிக்கெட் எடுப்பார், தினமும்.
அதற்கும் ஒரு பாஸ் வாங்கிவிடுங்களேன் என்று
எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.
"என்றைக்காவது அது வரமாட்டேன் என்றால்?" என்பார்.

அவர் செருமியதைக் கேட்டு
யார்மிலா ஓர் அடி முன்னால் வந்தாள்.
"காலையில் வரும்போது
மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது.
வெள்ளைச் சுவர், பச்சைத் தண்ணீர், கூழாங்கல் திட்டு.
ஒரு நிறுத்தம் வந்தது.
பெயரைப் படிப்பதற்குள் வண்டி எடுத்துவிட்டான்."

வெர்சாமாக இருக்கும் என்றேன்.
"அதற்கு ஒன்று கொடுங்கள்."
"ஒன்றா?" என்றார் லுபோமிர்.
"நீங்கள் கணக்கை முடியுங்கள்."

சிவப்பு வண்டி அவளையும்
கியோனையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போனது.

அவர் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார்.
நான் சாப்பிடப் போகும்போது
அரைக்கட்டண அட்டையை வைத்துக் கணக்கு.
திரும்பி வரும்போது
மூன்று நாள் பாஸும் மிச்சத்துக்குச் சில்லறை டிக்கெட்டும்.
ஒருமுறை கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்:
"கேபிள் காருக்குப் பாதியா, முழுசா?"
பாதி என்றதும்
அடித்துத் திருத்தி முதலிலிருந்து கூட்டினார்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
நான் சொல்லவில்லை. சொல்வது என் வேலையும் இல்லை.
மேலே மேகம் வந்தது, போனது.
அவர் ஒருதரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஐந்தே முக்கால் வண்டியில் இறங்கினாள்.
முழங்கால் வரை ஈரம்,
செருப்பு கையில்,
இன்னொரு கையில் முட்டை அளவு கல்.

"கட்டுபடியாகிறது!" என்று எழுந்தார் அவர்.
"இரண்டு பிராங்கு லாபம்!
ஒரு நாள்கூட, ஒரு வண்டிகூடத் தவறாமல் இருந்தால்."
என் பக்கம் தாளை நீட்டினார்.
சரிபார்த்தேன். இரண்டு பிராங்கு, சரிதான்.

காற்றில் தாள் படபடத்தது.
அவள் கல்லை அதன்மேல் வைத்தாள்.
மை கசிந்து
முதலில் திசென்டிஸ் கலைந்தது,
அப்புறம் கப்பல்.

லுபோமிர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.
"அந்த ஊருக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்றார்.
சொன்னாள்.
கல்லை நகர்த்தாமல்
ஓரத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில்
வெர்சாம் என்று எழுத ஆரம்பித்தார்.
எழுத்துக்கூட்டு தப்பு.
அவள் திருத்தினாள்.

ஆறு மணி.
நான் திரையை இறக்கினேன்.