இரண்டாம் தட்டு

லண்டனில் ஏறி
லண்டன்பேட்டையில் இறங்க
நாற்பத்தொரு நாள் ஆனது பார்சலுக்கு.
அதில் பதினோரு நாள்
மீனம்பாக்கத்துச் சுங்கக் கிடங்கில் படுத்திருந்தது.
கூரியர் தஸ்தகீர் காதோரம் வைத்துக் குலுக்கி
"உள்ள என்னவோ உடைஞ்சிருக்கு சார்" என்றார்.
உடைந்தது தட்டைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் பல்.
தட்டுகளுக்குக் கீறல்கூட இல்லை.

ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படத்தின் பின்னணி இசை.
படத்தை நான் பார்த்ததில்லை.
தருமபுரி கோவர்த்தனும் பார்த்ததில்லை.
கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறோம்.
ஆளுக்குப் பாதி போட்டோம்,
வரியோடு ஐயாயிரத்து எழுநூறு.

படம் வந்த காலத்து ரெக்கார்டில்
முப்பத்தொரு நிமிடம்தான் இருந்தது.
மிச்சம் நாற்பது வருடம்
யார் வீட்டு நிலவறையிலோ நாடாச் சுருளாகக் கிடந்ததாம்.
இப்போது நூற்று முப்பத்தெட்டு நிமிடம்.
உலகத்துக்கே இரண்டாயிரம் பிரதி,
எங்களுடையது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

முதல் தட்டில் படத்தில் வந்தபடி எல்லாம்.
இரண்டாவதில் வராதவை:
வெட்டிய காட்சிக்கு எழுதியது,
இயக்குநர் வேண்டாம் என்றது,
ட்ரம்பெட் இல்லாமல் ஒரு தரம்,
ட்ரம்பெட்டோடு மூன்று தரம்.

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
டீ கிளாஸுக்கு அடியில் சீட்டு வைத்து எடுத்தோம்.
எனக்கு இரண்டாவது விழுந்தது.
அடுத்த மாதம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.
சிறுநூல் அவனிடம், என்னிடம் அதன் ஜெராக்ஸ்.
அது வைகாசி.
ஆனியில், அவன் தம்பியின் டிராக்டர் கடனுக்கு
நான் போட்ட ஜாமீன் கையெழுத்து
என் சம்பளத்தைத் தேடிக்கொண்டு பேங்கிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளவில்லை.

கூழ் ஃபேக்டரியில் சீசன் முடியும்வரை எனக்கு நைட் ஷிஃப்ட்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
விளக்கணைத்து ரோட்டோரம் நிற்கும்.
ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியின் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
இனிப்பைப் படிப்பது என் வேலை.
பதினாலுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பணும்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
பழைய சிடி பிளேயரில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்பேன்.
"பாட்டே இல்லாத பாட்ட எத்தன தரம்யா கேப்ப?"
என்பாள் அமுதவல்லி.

பத்தொன்பதாவது, நாற்பத்தேழு விநாடி.
தண்ணீர் புகுந்த அறையின் கதவை
கப்பல் தலைவன் வெளியிலிருந்து மூடுகிற இடம்.
படத்தில் அங்கே மௌனம் போதும் என்று
எடுத்துவிட்டதாகச் சிறுநூல் சொல்கிறது.
செல்லோ ஒவ்வொரு படியாக ஏறி
கடைசிப் படியில் காலை வைக்காமல் நிற்கும்.
நாதம் அடங்குவதற்குள்
வாத்தியக்காரர்களில் யாரோ இருமுவார்.
ஒரு நாற்காலி முனகும்.

கோவர்த்தன் இதைப் படித்திருப்பான். கேட்டிருக்கமாட்டான்.
மூன்று ட்ரம்பெட்டில் கடைசியாக எதை வைத்துக்கொண்டார்கள் என்று
எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரியும்.

ஆடி பதினெட்டுக்கு முந்தின ராத்திரி, இரண்டே கால் மணி.
ஏன் அழைத்தேன் என்று கேட்காதீர்கள்.
எடுத்தான்.
ஹலோ சொல்லாமல்
போனின் வாயில் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்து
பத்தொன்பதைப் போட்டேன்.
கை வேர்த்தது. பழவாசனை.

முடிந்தது.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்,
தள்ளி ஒரு ஃபேன் ஓடும் சத்தம்.
பிறகு கேட்டான்:
"இருமினது நீயா?"

க்ளீனர் பையன் ஜன்னலைத் தட்டினான்,
கையில் அறுத்த காய்.
ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்,
பதிமூன்று புள்ளி எட்டு.
"கொஞ்சம் இரு" என்றேன்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.