எழுத்துப்பிழை

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
ஜெபவிண்ணப்பத் தாள்களைத் தட்டெழுதி
வரப்போகும் ஊழியருக்கு அனுப்புவது என் வேலை.
"முன்கூட்டியே பாரத்தோடு ஜெபிக்கத்தான்" என்றார்கள்.
நம்பினேன்.

நாற்பத்தொரு தாள்கள்.
வீசா, வீட்டுக்கடன், பிள்ளையில்லை,
பிள்ளை இருக்கிறது, பேசுவதில்லை.
யசிந்தா அக்காவின் தாளில்
பதினாறு வருடச் சர்க்கரை வருத்தம்,
வீட்டைவிட்டுப் போன மகன் ஜெரோன்.
கண் சொக்கியதில்
ஜெரோம் என்று அடித்துவிட்டேன்.

ஞாயிறு. வூப்பெர்ட்டால், பார்மன் பகுதி,
டயர்க்கடைக்கு மேலே எங்கள் மண்டபம்.
யன்னலுக்கு வெளியே தொங்குரயில்
ஆற்றின்மேல் நழுவிப்போக
ஊழியர் கண்ணை மூடினார்.
கீபோர்ட் மெல்ல அழத் தொடங்கியது.
"ஒரு பெயர் காட்டப்படுகிறது...
ஜெ... ஜெரோ...
ஜெரோம்! யார் அந்தத் தாய்?
உன் மகன் வாசலில் நிற்கிறான்!"

மண்டபம் அல்லேலூயாவில் கொதித்தது.
எனக்கு மட்டும் உள்ளங்கை குளிர்ந்தது.
பரிசுத்த ஆவியானவருக்குமா
என் விரல் தவறும்?

அக்காவின் தலையில் கைவைத்தார்.
"இன்றோடு ஊசி முடிந்தது மகளே.
இனி ஊசியைத் தொட்டால்
நீ அவரை நம்பவில்லை என்று அர்த்தம்."
பிறகு காணிக்கை உறை.
உறை இல்லாதவர்களுக்கு கார்ட் மெஷின்.

படிக்கட்டில் அக்காவைப் பிடித்துச் சொன்னேன்.
சிரித்தா.
"அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு
ஓரெழுத்து மங்காதா, பிள்ளை?"

மூப்பரிடம் சொன்னேன்.
"அபிஷேகம் பெற்றவரை ஆராயாதே" என்றார்,
ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் மும்முறை ஆராய்கிற மனுசன்.

செவ்வாய் பின்னேரம் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.
வெர்த் கடைத்தெருவில் ஒரு வெண்கலச் சிலை:
ஒரு கூட்டம் கைநீட்டி நிற்கிறது,
சிலர் மட்டும் முதுகைத் திருப்பி
ஒரு புத்தகத்தைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள்.
பதினேழு வருடம் அதைக் கடந்து
மரக்கறி வாங்கப் போயிருக்கிறேன்.
அன்றுதான் நின்றேன்.

மீற்றரில் நானூற்றுப் பதினெட்டு.
ஊசிப்பேனாக்கள் குப்பைப் பையில்,
தேயிலைச் சக்கைக்கு அடியில்.
குப்பை எடுக்கும் நாள் வியாழன்.
அதைக் கிருபை என்று சொல்ல
எனக்கும் உரிமை உண்டு.

அவவின் கையெழுத்துத் தாளையும்
என் தட்டச்சுத் தாளையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டா.
விரலை 'ன்'இல் வைத்தா, பிறகு 'ம்'இல்.
நெடுநேரம் கழித்து,

"அப்ப அவன் வாசலில் நிற்கேல்லையா?"

அதற்கு என்னிடம் தீர்க்கதரிசனம் இல்லை.
"எனக்குத் தெரியாது, அக்கா."
அந்த வாரம் முழுக்க எங்கள் சபையில்
யாரும் சொல்லாத வசனம் அது.

அக்கா எழும்பிப் பேனாவைத் துடைத்தா.
"எத்தினை அலகு எண்டு பார், கண் தெரியேல்லை."
பார்த்துத் திருகிக் கொடுத்தேன்.
பிறகு இரண்டு பேரும் ஜெபித்தோம்,
கீபோர்ட் இல்லாமல்,
சமையலறை விசிறி இரைச்சலில்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில்
இரண்டு தாள்களோடும் எழும்பினேன்.
"இது என் பிழை" என்று தொடங்கினேன்,
"இந்த ஓரெழுத்து."
மூன்றாவது வசனத்தில்
ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள்.

பரவாயில்லை.
டயர்க்கடைக்கு மேலே
அது அவ்வளவு பெரிய மண்டபம் இல்லை.