சுழி வரவில்லை

கெமியில் டிசம்பர் என்றால்
இரண்டு மணிக்குள் இருட்டிவிடும்.
நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்,
வடக்குச் சாலையில், விமான நிலையத் திருப்பம் வரை.
வீட்டில் குளிர்பெட்டியின் மேல் ஒரு பழைய கணினி
என் கம்பளிக் காலுறைகளை உலர்த்தியபடி
ஓர் எண்ணை உடைக்கப் பார்க்கிறது.

ஒன்றை இரட்டி. அதை இரட்டி.
ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழு தரம்.
கடைசியில் ஒன்றே ஒன்றை எடுத்துவிடு.
அதுதான் எண்.
ஒரு பனித்துகளில் தொடங்கினால்
எண்பதாவது இரட்டிப்புக்குள் போத்னியா வளைகுடா தூர்ந்துபோகும்.
மிச்சத்தைக் கொட்ட இடம் எங்கே என்று
நகராட்சியிடம் கேட்க வேண்டாம்.

பத்து இலக்கங்களில் எழுதினால் முந்நூற்று எண்பத்தைந்து இடம்.
26 என்று தொடங்கும், 71 என்று முடியும்,
நடுவில் உள்ளது எனக்கு மனப்பாடம் இல்லை.
கணினிக்குப் பிடித்த மாதிரி எழுதினால்
வெறும் ஒன்றுகள்.
முதல் பனிக்கு முன் சாலையோரம் நாங்கள் நடும் ஆரஞ்சுக் கம்பங்கள்,
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று,
நடுவில் ஒரு சுழிகூட விழாமல்.

அது பகா எண் இல்லை. சந்தேகமே கிடையாது.
நான்கை எடு. தன்னாலேயே பெருக்கி இரண்டைக் கழி.
எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி அதே.
ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து சுற்று முடிந்ததும்
சுழி வந்தால் பகா எண்.
வரவில்லை.
ஆக, உடையும்.
எங்கே என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியாது, நடை தெரியும்:
யாரை 2554-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்று,
எட்டால் வகுத்தால் ஒன்று, இல்லையேல் ஏழு.
இரண்டு பேரா, ஐந்து பேரா,
அதுவும் தெரியாது.

போன மார்ச்சில் ஆலோசகர் உல்பு
எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்:
என்ன காரணம்?
தைஸ்தோ ஜன்னலில் வடியும் நீரைப் பார்த்தான்.
குடிப்பதில்லை, அடித்ததில்லை,
வேறு யாரும் இல்லை.
இருபத்திரண்டு வருடம் சுற்றிச் சுற்றி
ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ மிஞ்சியது.
பிரியும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.
உல்பு பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.
அந்தக் கட்டம் காலியாகவே கோப்புக்குப் போனது.

நேற்று இரவு வந்தான்,
பனிக்கட்டியைத் துளைக்கும் தன் துரப்பணத்தை எடுத்துப்போக.
குளிர்பெட்டி மேல் கை வைத்துச் சூடு பார்த்தான்.
கிடைத்ததா?
இல்லை. ஒரு வளைவரையைப் போட்டுப் பார்க்கிறது,
இல்லையென்றால் இன்னொன்று.
தோற்றதை வைத்து
அடுத்தது கிட்டத்தில் என்று சொல்ல முடியாது.
தலையை ஆட்டினான். மீன் பிடிப்பவன்;
துளை மாற்றி உட்கார்வது என்றால் அவனுக்குப் புரியும்.
துரப்பணத்தை அணைத்துக்கொண்டு, குளிருக்கு,
உலர்ந்த காலுறைகளில் தன்னுடையது என்று நினைத்ததை
உருவிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

நாலரைக்கு வண்டியை எடுக்குமுன்
மீதியை மடித்து வைத்தேன்.
ஒன்பது.