ஈர வைக்கோலின் எடை

புளியரைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
முப்புடாதி அண்ணாச்சியின் எடைமேடை
காலை ஏழு மணிக்கே ஊமையாகிவிட்டது.

புதுக் கணினி, எக்ஸ்பி.
எடை பார்க்கும் மென்பொருளோ
அவர் மகளின் காதுகுத்துக்கு முன்னால் வாங்கியது.
மேடையிலிருந்து வரும் வயரின் பேச்சு
புதியதற்குப் புரியவில்லை.
ஒரே ஒரு கோப்பு. அதன் பழைய பதிப்பு வேண்டும்.

"செண்பகவடிவு, சீக்கிரம் பாரும்மா.
சாரல் பிடிச்சா வைக்கோல் கனத்துப் போகும்.
தண்ணிக்கும் சேர்த்தா நான் துட்டு குடுக்க?"

வெளியே இலத்தூர் டிராக்டர்கள் பதினொன்று.
முதல் டிராக்டரில் பேச்சித்தாய்
சேலைத் தலைப்பால் வைக்கோலை மூட முடியாதென்று தெரிந்தும்
தார்ப்பாயை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
மலையேற வேண்டிய லாரியில்
தங்கச்சன் காலை நீட்டித் தூங்கினான்.

பென்டிரைவிலிருந்து பழையதை எடுத்து வைத்தேன்.
ஐந்து விநாடி.
ஒரு சத்தமில்லை, ஒரு கேள்வியில்லை,
விண்டோஸ் தன்னுடையதைத் திருப்பி வைத்துவிட்டது.
மறுபடி வைத்தேன்.
மறுபடி.
வரப்பைத் தள்ளிப்போட்டால்
ராத்திரியே வந்து நேராக்கிவிட்டுப் போகும்
பக்கத்து வயல்காரன் மாதிரி.

அப்புறம்தான் நோட்பேடைத் திறந்தேன்.
ஆறு வரி.
காவல்காரன் அசலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை,
உள்ளறையில் பூட்டி வைத்த நகலை
ஓடிப்போய் எடுத்து வருகிறான், அவ்வளவுதான்.
ஆகவே முதல் வரியில் நகலை மாற்று.
இரண்டாவதில் அசலுக்கு வேறு பெயர் வைத்து ஓரங்கட்டு.
மூன்றாவதில் நம் ஆளை நாற்காலியில் உட்காரவை.
கருப்புச் சன்னல் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

பிறகு ஒரு பெட்டி வந்து நின்றது:
அறியாத கோப்பு உள்ளே இருக்கிறது,
குறுந்தகட்டைப் போடவும்.
வேண்டாம் என்றேன்.
நிச்சயமாகவா என்றது.
நிச்சயமாக.

அணைத்து ஏற்றினேன்.
மேடைமேல் சிவப்பு எண்கள் எரிந்தன.
அண்ணாச்சி கும்பிட்டார், என்னையல்ல, கணினியை.

அது ஓடுகிறதா என்று பார்க்கத்தான்
மென்பொருளின் கோப்புறைக்குள் போனேன்.
அங்கே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு,
காவலில்லை, பூட்டில்லை, உள்ளறையில் நகலில்லை.
ஒரே ஒரு எண்.
ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில்
0.985.

டன்னுக்குப் பதினைந்து கிலோ.
கடைசியாக மாற்றிய தேதி போன அறுவடைக்கு முந்தின நாள்.
ஒரு வயரின் பேச்சுக்கு அத்தனை காவல்.
பேச்சித்தாயின் பதினைந்து கிலோவுக்கு
அழிக்கும் விசை ஒன்று போதும்.

அண்ணாச்சி டீ சொல்லப் போயிருந்தார்.
சாரல் இறங்கிவிட்டது, கண்ணாடியெல்லாம் பொடிப்பொடியாக.
இன்னொரு நோட்பேடு.
இந்த முறை இரண்டே வரி:
கணினி கண்விழிக்கும்போதெல்லாம்
என் நகலிலிருந்து 1.000 எடுத்து
அந்த இடத்தில் வை.
நகலை எங்கே வைத்தேன் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன்.
கோப்புக்குப் பெயர் 'பிரிண்டர்'.
பிரிண்டர் என்றிருப்பதை யாரும் பயத்தில் தொடுவதில்லை.

முந்நூறு ரூபாய் கொடுத்தார். ஐம்பது குறைச்சல்.
நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது.
"மெஷின் நல்லாத்தான் ஓடுதும்மா.
ஆனா சாயங்காலம் நான் ஒண்ண மாத்தி வச்சா
காலையில பழையபடி நிக்கி."

"என்னத்த மாத்துனீங்க அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம்
வயரில் புளியரை மழை மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்ல. ஒரு… செட்டிங்கு."

"அது சிஸ்டம் ஃபைலா இருக்கும்," என்றேன்.
"அப்படித்தான் அண்ணாச்சி.
நாம எத்தன தடவ எடுத்தாலும்
திரும்பி வந்துரும்."