மாறாத வினைச்சொல்

குருநகர். தரம் ஏழு, 'பி' வகுப்பு.
மின்விசிறி வெள்ளியோடு நின்றுபோனது.
'கோ' எப்படி 'வென்ற்' ஆகும் என்று
இன்றும் சண்டைக்கு வந்தாள் டிலோஜினி.
"'கோட்' எண்டால் என்ன ரீச்சர் குறை?"
குறை ஒன்றுமில்லைத்தான்.
பாடமாக்கு என்றேன்.

பிறகு, உருமாறாத சொற்கள்:
கற், புற், ஹிற்.
நேற்றும் அதே, இன்றும் அதே,
படிக்க ஒண்டுமில்லை என்று
கடைசி வாங்கு கைதட்டியது.

நேற்றைய நாளைப் பற்றி
ஐந்து வசனம் எழுதச் சொன்னேன்.
ஐஸ் லொறி வந்தது,
பூனை சூடையைத் தின்றது,
கரண்ட் போனது.
இரவு, யூட் நிரெக்சனின் கொப்பியில்
நாலாவது வரி:
மை பாதர் ஹிற் மீ.

சிவப்புப் பேனை அந்தரத்தில் நின்றது.

இறந்தகாலம் என்றால் சரி.
ஒருநாள் அடித்தார், முடிந்தது.
ஆனால் இவன்
எப்போதும் 'எஸ்' போட மறப்பவன்.
மறந்துதான் எழுதினான் என்றால்
இது நிகழ்காலம்,
ஒவ்வொரு நாளும்.
அப்போது பிழை.
ஒரேயொரு எழுத்தைச் சேர்த்துத்
திருத்திவிடலாம்,
வசனத்தை.

சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை.
ஓரத்தில் பென்சிலால் கேட்டேன்:
எப்ப?

புதன்கிழமை கொப்பி திரும்பி வந்தது.
என் கேள்வியைக் காணவில்லை.
'மீ' இருந்த இடத்தில்
அழித்து அழித்துத் தாள் மெலிந்து
அடுத்த பக்கம் தெரிந்தது.
அதன்மேல், அழுத்தாமல், மெல்ல,
'த போல்' என்று எழுதியிருந்தான்.

மை பாதர் ஹிற் த போல்.

இலக்கணப்படி
ஒரு பிழையும் இல்லை.